போதையும் மனக்காயமும் ஒன்றாக வந்தபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வருபவர் 31 வயது ஆண். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். மருந்தின் அளவுகள் வரும் இடங்களில், அவை இந்த ஒருவருக்காக மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்தவை. வேறொருவருக்கு அப்படியே எடுத்துப் பொருத்தக் கூடாது.

போதைப்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு மனச்சோர்வோ பதற்றமோ பழைய மனக்காயமோ இருப்பது அபூர்வம் அல்ல. எங்களைப் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து வருவதுதான் அன்றாடம். ஆனால் சிகிச்சை தரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே கிடக்கின்றன. அந்தப் பிரிவுக்கு நடுவில் ஒரு மனிதர் எப்படி அல்லாடினார், இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது என்ன நடந்தது, நடுவில் எந்த இடத்தில் உயிர் போகப் பார்த்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் குழுவில் ஒரு மனநல மருத்துவர், ஒரு செவிலியர், ஆலோசகராக நான், முன்பு போதைப் பழக்கத்தில் இருந்து மீண்டு வந்த ஒரு சக பணியாளர் இருக்கிறோம். உள்நோயாளிப் பிரிவு கிடையாது.

பின்னணி

அவர் கட்டிடங்களில் வயரிங் வேலை செய்தவர். 24 வயதில், வேலை நடந்த ஒரு கட்டிடத்தில் சாரம் சரிந்து, கூடவே வேலை பார்த்த நண்பர் அவர் கண்ணெதிரே விழுந்து இறந்தார். அன்று அந்தச் சாரத்தில் ஏறியிருக்க வேண்டியவர் இவர்தான். கீழே ஒரு சுவிட்ச் போர்டு பாக்கி இருந்ததால் நண்பர் முதலில் ஏறினார்.

அதன் பிறகு தூக்கம் போனது. கண்ணை மூடினால் அதே காட்சி. முதலில் இரவில் குடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் தூக்கம் வரும், நடு இரவில் விழிப்பு வந்தால் முன்பைவிட மோசமாக இருக்கும். அப்புறம் யாரோ கொடுத்த தூக்க மாத்திரை. அது அல்பிரசோலம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும், ஆனால் பழக்கமாகிவிடக்கூடிய பென்சோடயசெபின் வகை. 27 வயதில் ஹெராயின். தகரத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பதுதான் அவர் வழக்கம், ஊசி போட்டதில்லை. எங்களிடம் வந்தபோது ஹெராயின் தினமும், அல்பிரசோலம் நாளுக்கு 2 மி.கி. என்ற நிலை. மது அநேகமாக நின்றிருந்தது.

எங்களிடம் வருவதற்கு முன்னால் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறார். மனநல மருத்துவமனை ஒன்றில், "முதல்ல போதைய நிறுத்திட்டு வாங்க, அதுக்கப்புறம்தான் மனசுக்குப் பார்க்க முடியும்" என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று போதை மீட்பு இல்லம் ஒன்றுக்குப் போனார். அங்கே சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, இறந்த நண்பர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக அலறி எழுந்திருக்கிறார். "இவருக்கு மனநோய் இருக்கு, இங்க வச்சுக்க முடியாது" என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கையில் மனச்சிதைவு நோய்க்கான மாத்திரைச் சீட்டு ஒன்றும் இருந்தது.

இப்படிச் சொல்லி அனுப்புகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. போதை உடலில் இருக்கும்போது மனநோயைக் கண்டறிவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் கண்டறிவது கடினம் என்பதற்கும் கவனிக்கவே முடியாது என்பதற்கும் நடுவில் எவ்வளவோ செய்யலாம். அதைச் செய்யாமல் விட்ட ஒன்றரை ஆண்டில் அவர் தினசரி எடுத்த அளவு இரண்டு மடங்கானது.

முதல் சந்திப்பில் கண்டது

அக்காதான் அழைத்து வந்தார். திருமணமாகித் தனியாக இருந்தாலும் தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அறைக்குள் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், நாற்காலியை இழுத்து முதுகு சுவரைத் தொடும்படி, கதவைப் பார்த்தபடி போட்டுக்கொண்டது. வெளியே யாரோ இரும்புக் கம்பியைக் கீழே போட்ட சத்தத்தில் அவர் பேச்சு பாதியில் நின்றது. கழுத்தில் வேர்வை அரும்பியது. விட்ட இடத்தில் இருந்து அவரால் பேச்சைத் தொடர முடியவில்லை. என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்றே மறந்துவிட்டிருந்தது.

இதை அக்கா, "பவுடர் இல்லன்னா இப்படித்தான் சார் நடுங்குவான்" என்றார். பவுடர் என்று அவர்கள் சொல்வது ஹெராயினை. ஆனால் அவர் கடைசியாகப் புகைத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஹெராயினை நிறுத்தினால் உடல் படும் பாடுகள், அதாவது விலகல் அறிகுறிகள், பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். கண்மணி சுருங்கித்தான் இருந்தது, மூக்கொழுகல் இல்லை, கொட்டாவி இல்லை. இது விலகலின் நடுக்கம் அல்ல என்பதை எங்கள் செவிலியர்தான் முதலில் குறித்தார்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலில் 27க்கு 21 வந்தது, கடுமையான மனச்சோர்வு என்ற வரம்பு. ஆனால் தினமும் ஹெராயினும் தூக்க மாத்திரையும் எடுக்கும் ஒருவருக்கு அந்த எண்ணை வைத்து மட்டும் நோயின் பெயர் எழுத முடியாது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவே கேட்டோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டதே ஒரு ஆறுதலாகத்தான் இருக்கும். அவர் சொன்னது: "சாகணும்னு இல்ல சார். தூங்கினா எந்திரிக்காம இருந்தா பரவாயில்லன்னு தோணும்." ஏழு மாதம் முன்னால் ஒரு இரவு மாத்திரையும் பவுடரும் வழக்கத்தைவிட அதிகமாக எடுத்திருக்கிறார். சாவதற்காகவா என்றால், "அன்னைக்கு எது நடந்தாலும் சரின்னு இருந்துச்சு" என்றார். அப்படிப்பட்ட இரவுகளைத் தற்கொலை முயற்சி, தவறிப்போன அளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஓபியாய்டு எனப்படும் ஹெராயின் வகைப் பொருட்களைச் சார்ந்திருப்பவர்களிடம் தற்கொலை ஆபத்து பொது மக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், பிரிக்க முடியாததை ஆபத்தின் பக்கமே வைத்துக்கொண்டோம்.

எது முதலில் வந்தது

இரண்டாவது சந்திப்பில் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து நடுவில் ஒரு கோடு போட்டோம். கோட்டுக்கு மேலே மனசில் நடந்தவை, கீழே எடுத்துக்கொண்ட பொருட்கள், நடுவில் வயது. பேனாவை அவரிடமே கொடுத்தோம். எங்கள் வேலையில் இதைவிட எளிய, இதைவிடப் பயனுள்ள கருவி எனக்குத் தெரியாது.

24 வயதுக்கு மேலே அவர் ஒரு புள்ளி வைத்தார், எதுவும் எழுதவில்லை. அதற்கு அடுத்து "கனவு" என்று எழுதினார். கோட்டுக்குக் கீழே மது வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஹெராயின் வந்தது மூன்று ஆண்டு கழித்து. அப்புறம் 28 வயதில் ஒரு வெற்றிடம் இருந்தது. அதைக் கேட்டோம். வேலைக்காக வெளியூரில் எட்டு மாதம் இருந்தபோது பவுடர் கிடைக்கவில்லை, மாத்திரையும் இல்லை. அந்த எட்டு மாதமும் கனவு நின்றதா என்றால், "அப்பதான் சார் ரொம்ப வந்துச்சு" என்றார்.

அந்த ஒரு பதில் எங்களுக்கு வழிகாட்டியது. ஒரு மன அறிகுறி போதையால் வந்ததா, தனியாக நிற்பதா என்று பிரிக்கப் பொதுவாகப் பார்ப்பது இரண்டு விஷயங்கள். போதைக்கு முன்பே இருந்ததா, போதையும் விலகலும் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பிறகும் நீடிக்கிறதா. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வந்தது, அதுவும் இந்த ஒரு மாத அளவைத்தான் சொல்கிறது. இவருடைய கனவுகள் இரண்டு சோதனையிலும் தனியாக நின்றன. மனச்சோர்வு அப்படி இல்லை. அது ஹெராயின் தினசரியான பிறகுதான் தாளில் வந்தது.

குரல் கேட்பதாகச் சொன்னதையும் பொறுமையாக விசாரித்தோம். பகலில் கேட்பதில்லை. தூங்கப் போகும் நேரத்திலும் கனவில் இருந்து விழிக்கும் நொடியிலும் மட்டும்தான். குரல் சொல்வது ஒரே ஒரு வார்த்தை, அவருடைய பெயர். விழுந்தபோது நண்பர் கடைசியாகக் கூப்பிட்டது அது. அது நிஜக் குரல் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், சதி செய்கிறார்கள் என்பது போன்ற எண்ணம் எதுவும் இல்லை. மெத்தம்பெட்டமினோ கஞ்சாவோ அதிகம் எடுப்பவர்களிடம் மனப்பிறழ்வு வருவது உண்டு, அவை இரண்டும் இவர் பட்டியலில் இல்லை. இது மனச்சிதைவு அல்ல, மனக்காயத்தின் மறுவருகை என்று மருத்துவர் முடிவு செய்தார். அந்தப் பழைய சீட்டில் இருந்த மாத்திரையை அவர் இரண்டு வாரத்திலேயே விட்டிருந்தார். அதை மீண்டும் தொடங்கவில்லை.

1985இல் எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர், மக்கள் தங்கள் வலிக்கு ஏற்ற பொருளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆர்வத்தில் தொடங்குபவர்கள் உண்டு, கிடைப்பதால் தொடங்குபவர்கள் உண்டு. இவர் விஷயத்தில் பொருந்தியது. ஹெராயின் அவருக்குத் தந்தது கனவு இல்லாத நான்கு மணி நேரத் தூக்கம். அதைப் பறித்துவிட்டு வேறு எதுவும் தராமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அந்த மீட்பு இல்லத்தின் மூன்றாம் நாள் இரவே காட்டிவிட்டது.

முதல் வாரத்தில் எடுத்த முடிவுகள்

குடும்பத்தின் எதிர்பார்ப்பு, முழுதாக நிறுத்தவைத்து உடலைச் சுத்தம் செய்வது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை. ஓபியாய்டில் விலகலை மட்டும் கடக்கவைத்து அனுப்பினால் பெரும்பாலானோர் மறுபடி தொடுகிறார்கள். அதற்குள் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால் பழைய அளவே உயிரை எடுக்கும். அதனால் புப்ரெனார்பின் சிகிச்சையைத் தேர்ந்தோம். இது நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. மூளையில் ஹெராயின் ஒட்டும் அதே ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு விலகலையும் ஏக்கத்தையும் அடக்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் அதன் விளைவு ஏறாது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருக்கிறது.

தொடங்கும் நாளில் ஒரு கவனம் தேவை. உடலில் ஹெராயின் நிறைந்திருக்கும்போது புப்ரெனார்பின் கொடுத்தால் அது ஹெராயினைத் தள்ளிவிட்டு, கடுமையான விலகலைத் திடீரென்று உண்டாக்கும். அந்த அனுபவம் ஒருமுறை கிடைத்தால் ஆள் திரும்பி வரமாட்டார். முதல் நாள் மாலையோடு நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வரச் சொன்னோம். வந்தபோது கண்மணி விரிந்து, கையில் மயிர்க்கூச்செறிந்து, விடாமல் கொட்டாவி. விலகல் அளவுகோலில் 14, நடுத்தரம். அதன்பிறகே 4 மி.கி. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 4. ஒரு வாரத்துக்குள் 12 மி.கி.யில் நிலைத்தது.

தூக்க மாத்திரையில்தான் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பென்சோடயசெபினும் புப்ரெனார்பினும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து கூடும். அதனால் மாத்திரையை நிறுத்தாமல் புப்ரெனார்பின் தரமாட்டோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஆனால் பல ஆண்டாக எடுத்த பென்சோடயசெபினைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதுவும் உயிராபத்து. இரண்டையும் எடை போட்டோம். புப்ரெனார்பின் இல்லாமல் அவர் வெளியே போனால் எடுக்கப் போவது ஹெராயினும் அதே மாத்திரையும்தான், அந்தச் சேர்க்கை இதைவிடப் பெரிய ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2017இல், பென்சோடயசெபின் எடுக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும் புப்ரெனார்பினையோ, அதே சிகிச்சைக்குத் தரும் இன்னொரு மருந்தான மெத்தடோனையோ மறுக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. அல்பிரசோலத்தை நீண்ட நேரம் வேலை செய்யும் டயஸெபாமுக்கு மாற்றினோம். சமன் அளவுக்கான அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நாளுக்கு 20 மி.கி. என்று குறைந்த பக்கத்திலேயே தொடங்கி, முதல் மூன்று நாள் செவிலியர் கண் முன்னால் வைத்தே கொடுத்தோம். இறக்குவதை அவசரப்படுத்துவதில்லை என்பது அன்றே பேசி முடித்த விஷயம்.

மனச்சோர்வு மருந்து அன்று தொடங்கவில்லை. தாளில் கண்ட வரிசைப்படி மனச்சோர்வில் ஒரு பகுதி தானாக வடியலாம் என்று எதிர்பார்த்தோம். ஆபத்து எண்ணம் கூடினால் ஒரு மாதம் காத்திருக்கமாட்டோம் என்றும் குறித்துவைத்தோம்.

பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினோம். எது வந்தால் நிலைமை கெடுகிறது என்று தெரியும், அப்போது தனியாக என்ன செய்வார், யாரைக் கூப்பிடுவார், எங்களை எப்படித் தொடர்புகொள்வார். மாத்திரைகளை அக்கா பூட்டிவைத்து இரண்டு நாளுக்கு உண்டானதை மட்டும் தருவார் என்பதையும் அவரே சேர்த்தார்.

அக்காவுக்கு நலோக்சோன் மூக்குத்தெளிப்பான் பயிற்சி கொடுத்தோம். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் மருந்து இது. 2014இல் உலக சுகாதார அமைப்பு, அளவு மீறலை நேரில் காண வாய்ப்புள்ள எவரிடமும் இது இருக்க வேண்டும், பயன்படுத்தும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. "இதக் குடுத்தா அவனுக்கு மறுபடி எடுக்கலாம்னு தைரியம் வந்துடாதா சார்?" என்று அக்கா கேட்டார். தீயணைப்பான் வீட்டில் இருப்பதால் யாரும் தீ வைப்பதில்லை என்று எங்கள் சக பணியாளர் பதில் சொன்னார். அக்கா பொம்மையில் இரண்டு முறை பயிற்சி செய்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து

ஐந்தாம் வாரம் மறுபடி அளந்தோம். மனச்சோர்வு எண் 21இல் இருந்து 12க்கு இறங்கியிருந்தது, மனச்சோர்வு மருந்து எதுவும் இல்லாமல். பசி வந்திருந்தது, குளித்து வந்தார், அக்காவின் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரத் தொடங்கியிருந்தார். ஆனால் பிடிஎஸ்டி எனப்படும் மனக்காயக் கோளாறுக்கான இருபது கேள்விப் பட்டியலில் 80க்கு 58. அதில் 31 முதல் 33க்கு மேல் போனாலே அந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். வாரத்தில் ஐந்து இரவு கனவு வந்தது. ஒரு வகையில் முன்பைவிட அதிகம், ஏனென்றால் மறைக்க ஹெராயின் இல்லை.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். போதை நின்றது, முகம் தெளிந்தது, வீட்டில் நிம்மதி, சிகிச்சை முடிந்தது என்று நினைக்கும் நேரம் இது. அவருக்கோ நிஜமான கஷ்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு முறை ஹெராயின் தொட்டதையும் அவரே வந்து சொன்னார். இரண்டும் கனவு வந்த இரவுக்கு மறுநாள்.

மனச்சோர்வுக்கும் மனக்காயக் கோளாறுக்கும் தரும் செர்ட்ரலின் மருந்தை 50 மி.கி.யில் தொடங்கினோம். மனக்காயத்தை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பது அடுத்த கேள்வி. முழுதாக ஒரு வருடம் போதை இல்லாமல் இருந்த பிறகுதான் அந்தக் காயத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் போதை கூடும் என்பது நீண்ட நாள் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சோதித்தது. போதைப் பழக்கத்துக்கும் மனக்காயத்துக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களிடம் மனக்காய அறிகுறிகள் குறைந்தன, போதைப் பயன்பாடு கூடவில்லை. இவருக்குக் காயம்தான் போதையின் ஊற்று என்று தாளே சொன்னதால், காத்திருக்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. மூன்றாம் மாதம் தொடங்கினோம்.

அந்த வேலை மெதுவாகப் போனது. அவர் ஏழு ஆண்டாகக் கட்டிடம் கட்டும் இடங்கள் இருக்கும் தெருவுக்குள்ளேயே போவதில்லை. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி, சுற்றி நடந்து போவார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அக்காவுக்கும் தெரியாது. முதலில் சாரம் கட்டிய கட்டிடத்தின் படத்தைப் பார்ப்பது. அப்புறம் தெருமுனையில் நின்று தூரத்தில் பார்ப்பது, பதற்றம் ஏறி, உச்சம் தொட்டு, தானாக இறங்கும்வரை நகராமல் நிற்பது. முதல் முறை நாற்பது நிமிடம் ஆனது. சக பணியாளர் பக்கத்திலேயே நின்றார். "இறங்கும்னு நீங்க சொன்னத நான் நம்பல" என்று அன்று அவர் சக பணியாளரிடம் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் மாதம்: மருந்து நின்ற பத்து நாட்கள்

அவருக்கு ஓர் அண்ணனும் உண்டு. அதுவரை எங்களிடம் வந்ததில்லை. தம்பி தினமும் நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைப்பதைப் பார்த்து, "ஒரு போதைய விட்டு இன்னொன்ன புடிச்சிருக்க" என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பத்து நாள் புப்ரெனார்பின் இல்லை. டயஸெபாம் மட்டும், தூக்கத்துக்கு டாக்டர் எழுதியதாயிற்றே என்று, அண்ணனே எடுத்துக் கொடுத்திருக்கிறார். உயிரைக் காக்கும் மருந்து நின்று, மூச்சை அடக்கக்கூடியது தொடர்ந்தது. அண்ணன் செய்தது முழுக்க அன்பில் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விலகலின் வலியில் தம்பி துடித்தபோது இரவெல்லாம் கால் பிடித்துவிட்டிருக்கிறார்.

பதினோராம் நாள் அவர் அக்காவின் வீட்டுக்குத் திரும்பினார். அன்று இரவு கனவு வந்தது. வெளியே போய் ஹெராயின் வாங்கி, பழைய அளவையே புகைத்தார். பழைய அளவைத் தாங்கிய உடல் அப்போது இல்லை.

பக்கத்து அறையில் இருந்த அக்காவை எழுப்பியது ஒரு குறட்டைச் சத்தம். பயிற்சியில் செவிலியர் சொன்னது நினைவு வந்ததாம்: வழக்கமில்லாத, கரகரவென்று இழுத்து இழுத்து வரும் குறட்டை தூக்கம் அல்ல, மூச்சுப்பாதை அடைபடும் சத்தம். போய்ப் பார்த்தபோது உதடு நீலம், தட்டினாலும் கூப்பிட்டாலும் அசைவில்லை. மூக்கில் ஒரு தெளிப்பு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தார். மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லாததால் இரண்டாவது தெளிப்பு. அதற்குப் பிறகு மூச்சு வந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, விடு" என்றாராம். அக்கா விடவில்லை. நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம், மறுபடி மூச்சு அடங்கலாம். டயஸெபாமின் விளைவை நலோக்சோன் மாற்றாது. அதனால்தான் மருத்துவமனைக் கண்காணிப்பு கட்டாயம். ஒரு நாள் அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

மறுபடி போதை எடுத்ததற்காகச் சிகிச்சையில் இருந்து நீக்குவது பல இடங்களில் விதி. எங்களிடம் அந்த விதி இல்லை, அன்று அது இல்லாதது நல்லதாயிற்று. புப்ரெனார்பினையோ மெத்தடோனையோ நிறுத்திய முதல் நான்கு வாரம்தான் இறப்பு ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலங்களில் ஒன்று. அந்த நேரத்தில் கதவை அடைப்பது சிகிச்சையின் எந்த நோக்கத்தோடும் ஒட்டாது.

வீடு திரும்பிய மறுநாளே மறுபடி தொடங்கினோம், இந்த முறை தாங்குதிறன் இறங்கியிருந்ததால் 2 மி.கி.யில் இருந்து. தற்கொலை எண்ணம் பற்றி மீண்டும் நேராகக் கேட்டோம். இல்லை, தூங்க மட்டுமே நினைத்தேன் என்றார். இந்த முறை அதில் பழைய தடுமாற்றம் இல்லை. பேச்சுச் சிகிச்சையை இரண்டு வாரம் நிறுத்தி, தூக்கமும் மருந்தும் நிலைத்த பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தோம்.

அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினோம். குற்றம் சாட்டும் தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். ஏற்கெனவே உடைந்து போயிருந்தார். ஹெராயினுக்கும் புப்ரெனார்பினுக்கும் என்ன வித்தியாசம் என்று மருத்துவர் சொன்னார். ஒன்று நாளுக்கு நான்கு முறை ஏறி இறங்கி, அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பதே வாழ்க்கையாகிவிடும். மற்றது ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்து, வேலைக்குப் போகவும் பேசவும் தூங்கவும் இடம் தருகிறது. உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, வாழ்க்கை முழுவதையும் அதற்காக இழப்பது வேறு என்பதை அவர் ஏற்றுக்கொண்டது போலத்தான் தெரிந்தது. முழு மனதாக என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பிறகு அவரும் நலோக்சோன் பயிற்சிக்கு வந்தார்.

பதினாறாம் மாதத்தில்

புப்ரெனார்பின் 12 மி.கி. தொடர்கிறது. டயஸெபாம் 20இல் இருந்து 4 மி.கி.க்கு வந்திருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக, கனவு கூடும் வாரங்களில் அப்படியே நிறுத்திவைத்து இறக்கினோம். அளவு மீறிய அந்த இரவுக்குப் பிறகு ஹெராயின் மூன்று முறை தொட்டிருக்கிறார், கடைசியாக நான்கு மாதம் முன்னால். மூன்று முறையும் அவரே சொன்னார், மூன்று முறையும் பக்கத்தில் ஆள் இருந்தபோதுதான் எடுத்தார், தனியாக அல்ல.

மனக்காயப் பட்டியலில் 58 இப்போது 24. மனச்சோர்வில் 7. கனவு மாதத்துக்கு இரண்டு மூன்று. குரல் கேட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. மின்சாதனப் பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறார், தரைத்தளத்தில். உயரத்தில் ஏறும் வேலைக்குத் திரும்பவில்லை, அதை ஒரு இலக்காக வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

தீராத ஒன்று இருக்கிறது. "நான் ஏறியிருக்கணும்" என்ற எண்ணம் போகவில்லை. அதன் கூர்மை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நண்பரின் வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று சில மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

எங்கள் நடைமுறையில் மாறியவை

முதல் வாரத்திலேயே வீட்டில் உள்ள எல்லோரையும், தனியாக வாழும் உடன்பிறந்தவர்களையும் சேர்த்து, வருபவர் சம்மதித்தால் ஒரு சந்திப்புக்கு அழைக்கிறோம். அழைத்து வருபவர் ஒருவருக்கு மட்டும் விளக்கினால், முடிவெடுக்கும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கும்போது அந்த விளக்கம் பயன்படுவதில்லை. அந்தச் சந்திப்பில் பேசும் முதல் விஷயம், இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான்.

புப்ரெனார்பின் வாங்க வராமல் இரண்டு நாள் ஆனால் செவிலியர் போன் செய்கிறார். முன்பு அடுத்த சந்திப்பு தவறினால்தான் தேடுவோம், அது இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பத்து நாள் யாருக்கும் தெரியாமல் போனது.

காலக்கோட்டுத் தாளை எல்லோருக்கும் முதல் இரண்டு சந்திப்புக்குள் போடுகிறோம். போதை இல்லாமல் இருந்த காலங்களைத் தனியாகக் கேட்கிறோம், சிறை, மருத்துவமனை, வெளியூர் வேலை எல்லாம் அதில் அடங்கும். அந்த நாட்களில் மனசு எப்படி இருந்தது என்பது வேறு எந்தக் கேள்வியைவிடவும் அதிகம் சொல்கிறது.

எந்தப் பிரச்சினையோடு வந்தாலும் வாசலில் இருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவதில்லை என்பது முன்பே எங்கள் கொள்கை. எங்களால் முடியாததாக இருந்தால் மற்ற இடத்துக்கு நாங்களே போன் செய்து, நாளும் நேரமும் வாங்கி, முதல் முறை கூடவே ஒருவர் போய் வருவது என்று இப்போது அதை எழுத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்து மனநல மருத்துவமனையோடு மாதம் ஒருமுறை இருவருக்கும் பொதுவானவர்களைப் பற்றிச் சேர்ந்து பேசுகிறோம். தொடங்கிவைக்கச் சிரமப்பட்டது, இப்போது அவர்களே நாளை நினைவுபடுத்துகிறார்கள்.

புப்ரெனார்பினை எப்போது நிறுத்தலாம் என்று அவர் சென்ற மாதம் கேட்டார். அவசரம் இல்லை, நிறுத்துவதற்கு என்று ஒரு கெடு கிடையாது, நீங்கள் நிறுத்த விரும்பும் நாளில் சேர்ந்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் மெதுவாக இறக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். முதலில் டயஸெபாமின் மிச்சம் 4 மி.கி.யை முடிப்போம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.